கல்லூரி வானியல் பாடத்தில் வான்நோக்குக்கு மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாநிலத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அறிமுக வானியல் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. இளநிலை இயற்பியல் மாணவர்கள் அதைத் துறைப் பாடமாகப் படிக்கிறார்கள். சில இடங்களில் வணிகவியல், வரலாறு, தமிழ் படிக்கும் மாணவர்களும் வேற்றுத்துறை விருப்பப் பாடமாக அதை எடுக்கிறார்கள். இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அந்தப் பாடம் பெரும்பாலும் நடத்தப்படும் விதம் குறித்து, திருச்சி வட்டாரத்தில் நெடுங்காலமாக இயற்பியல் கற்பித்துவரும் ஆசிரியன் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியே பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முதல் அலகிலிருந்து ஐந்தாம் அலகு வரை ஒருமுறைகூட வானத்தை அண்ணாந்து பார்க்காமல் ஒரு மாணவர் இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது என்பதே என் குறை.

கெப்ளரின் மூன்று விதிகளை எழுதுக, விண்மீன்களின் பரிணாமத்தை விவரி, சந்திரசேகர் எல்லை பற்றிக் குறிப்பு வரைக என்ற வகையில் வினாக்கள் வருகின்றன. கைடு புத்தகத்தில் இருப்பதை மாணவர்கள் அப்படியே எழுதிவிடுகிறார்கள். சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1983இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதும் அந்தக் குறிப்பில் தவறாமல் இடம்பெறும். ஆனால் அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரங்களின் பெயரையும் தடையின்றிச் சொல்லும் அதே மாணவரிடம், உங்கள் ஜென்ம நட்சத்திரம் இப்போது வானத்தில் எங்கே இருக்கிறது என்று பிப்ரவரி மாத இரவொன்றில் கேட்டால், கை நீட்டிக் காட்டத் தெரிவதில்லை. கார்த்திகையும் ரோகிணியும் திருவாதிரையும் அந்த நேரத்தில் அவருடைய தலைக்கு மேலே வெறுங்கண்ணுக்கே துலக்கமாகத் தெரிந்துகொண்டிருக்கும். இதை மாணவரின் குறையாக நான் கருதவில்லை. காட்டித் தர வேண்டிய பொறுப்பைப் பாடத்திட்டம் யாருக்கும் கொடுக்கவில்லை.

இதற்கு ஒரு முக்கியக் காரணம், நாம் பின்பற்றும் பாடநூல்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 40, 50 பாகை வடக்கு அட்சரேகையில் வாழும் மாணவர்களுக்காக எழுதப்பட்டவை அல்லது அவற்றைத் தழுவியவை. அங்கே துருவ விண்மீன் வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும். சப்தரிஷி மண்டலம் ஆண்டு முழுவதும் கண்ணில் படும். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். திருச்சியின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்றுக் குறைவு. இங்கே துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேலே 11 பாகை உயரத்தில், பெரும்பாலும் மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் புழுதி மூட்டத்துக்கும் பின்னால் மறைந்தே இருக்கிறது. நூலில் உள்ள பிறைச்சந்திரன் படம் நிமிர்ந்து நிற்க, இங்கே தை, மாசி மாதங்களின் மாலை வானத்தில் பிறை தோணியைப் போல மல்லாந்து கிடக்கிறது. படத்தையும் வானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கூர்மையான மாணவர் குழம்பிப்போகிறார். ஒப்பிடாத மாணவருக்குக் குழப்பமே இல்லை, மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது.

பருவகாலங்கள் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்தான் வெயில் அதிகம் என்று பட்டப்படிப்பு முடித்தவர்களில் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிக் குளிரில் இருக்கும்போது. மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம் என்ற வரியை மாணவர் எழுதுகிறார். ஆனால் அந்தச் சாய்வு தன் ஊரில் என்ன செய்கிறது என்று அவர் அறிவதில்லை. கல்லூரி வளாகத்தில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, ஓர் ஆண்டின் பல மாதங்களில் நண்பகல் நிழலை அளக்கச் சொன்னால் போதும். டிசம்பர் 21 அன்று திருச்சியில் நண்பகல் சூரியன் தென்திசையில் சுமார் 56 பாகை உயரத்தில் இருக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நேர் உச்சியில் நின்று குச்சியின் நிழலை முற்றிலும் விழுங்கிவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். சென்னையில் அந்த நிழலற்ற நாள்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகியவற்றை ஒட்டி வருகின்றன. வடகோளத்தில் இருந்துகொண்டே தெற்கு நோக்கி விழும் நண்பகல் நிழலைத் தானே அளந்து பார்த்த மாணவருக்கு, அச்சின் சாய்வையும் கடகரேகையையும் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

அதே குச்சி இன்னொரு பாடத்தையும் சொல்லும். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் கடிகாரத்தில் 12 மணி அன்று. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. திருச்சி அதற்கு மேற்கே ஏறக்குறைய 4 பாகை தள்ளி இருப்பதால் இங்கே உச்சிவேளை சராசரியாகப் பன்னிரண்டே காலுக்கு வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரியில் அது கிட்டத்தட்ட 12.30 வரை தள்ளிப்போகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கே வந்துவிடுகிறது. வான்கோளம், சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் நேரச் சமன்பாடு, சூரியனுக்கு அருகில் வரும்போது கோள் விரைந்து நகரும் என்னும் கெப்ளரின் இரண்டாம் விதி என்று மூன்று தலைப்புகளில் பாடத்திட்டம் பிரித்து வைத்திருப்பது ஒரு குச்சியின் நிழலில் ஒன்றாகக் காணக் கிடைக்கிறது.

தென்வானம் நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் செல்வம். வடக்கே வாழும் வானியல் மாணவர்கள் படத்தில் மட்டுமே பார்க்கும் பலவற்றை நாம் வீட்டு மாடியிலிருந்து பார்க்கலாம். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணி அளவில் தெற்கு நோக்கி நின்றால், உயரத்தில் சிரியசும் அதற்குக் கீழே தாழ்வாக அகத்திய விண்மீன் எனப்படும் கனோபசும் தெரியும். இரவு வானத்தில் விண்மீன்களுள் பொலிவில் முதலாவதும் இரண்டாவதும் இவையே. சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. கனோபசோ சுமார் 310 ஒளியாண்டுக்கு அப்பால். முப்பத்தைந்து மடங்குக்கு மேல் தொலைவில் இருந்துகொண்டு பொலிவில் அடுத்த இடத்தைப் பிடிக்கிறது என்றால், அது உண்மையில் எவ்வளவு ஒளியைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்? சிரியஸ் சூரியனைப் போல் 25 மடங்கு ஒளியுடையது. கனோபஸ் சுமார் 10,000 மடங்கு. நம் கண்ணுக்குத் தெரியும் தோற்றப் பொலிவு, விண்மீனின் உண்மையான ஒளியைச் சொல்லும் தனிப் பொலிவு என்று இரண்டு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடை எந்த நூலிலும் கிடையாது. அதே வானத்தில் திருவாதிரை செந்நிறமாகவும், சற்றுத் தள்ளி ரைஜல் நீலவெண்மையாகவும் ஒளிர்வதைக் காட்டி, முன்னதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின், பின்னதன் வெப்பநிலை சுமார் 12,000 கெல்வின் என்று சொல்லிவிட்டுப் பிறகு விண்மீன்களின் நிற-ஒளித்திறன் வரைபடத்தைக் கரும்பலகையில் வரையலாம். 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை வழக்கத்தைவிட வெகுவாக மங்கியது. அதை உலகெங்கும் பொதுமக்கள்கூட வெறுங்கண்ணால் கண்டார்கள். நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் அன்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

பொலிவு பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். விண்மீனின் பொலிவைக் குறிக்கும் எண்ணாகிய பொலிவெண்ணில் ஐந்து வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்ற அளவுகோலை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அந்தச் சூத்திரத்தை எழுதாமல் நம் மாணவர் எவரும் வானியல் தேர்வில் தேறுவதில்லை. அந்தப் போக்சன்தான் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வான்காணகத்தின் தலைவராகப் பணியாற்றினார். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். 1792இல் எழுப்பப்பட்ட அந்த வான்காணகத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன், வானிலை மையத்தின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னையிலேயே வானியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கேள்விப்படாமல் பட்டம் பெற்றுச் செல்கிறார்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று மின்னணு வடிவில் கிடைக்கின்றன. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்காணகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1977இல் யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது காவலூரிலிருந்தும் அந்நிகழ்வு நோக்கப்பட்டது. ஊட்டியில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியை மாணவர்களுக்கு நான் தனியே விளக்குவதுண்டு. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவில் கட்டப்பட்டது. அந்தச் சரிவின் கோணம் ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக, 11 பாகை அளவில் அமைந்திருப்பதால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. எனவே அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப்பும் அவருடைய குழுவினரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் செய்த காரியம் இது. வான்கோள வடிவியல் எதற்கு என்று கேட்கும் மாணவரை நான் மலைக்கு அழைத்துப்போகச் சொல்வேன்.

பிறதுறை மாணவர்களுக்கு நம் நாட்காட்டியே நல்ல தொடக்கம். சூரியன் மகர ராசியில் நுழைவதாகக் கொண்டு தை முதல் நாளில் பொங்கல் வைக்கிறோம். அதை உத்தராயணத் தொடக்கம் என்றும் சொல்கிறோம். ஆனால் சூரியன் தென்கோடியை எட்டி வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். இடையில் விழும் இருபத்துநான்கு நாள் இடைவெளிக்குக் காரணம், பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுவது. சூரியன் வானத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதைக் கொண்டு, அச்சின் சுழற்சியை 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் கணக்கிட்டால், சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன என்று மாணவரே கண்டுகொள்வார். பங்குனி கடைசியில் சித்திரைப் பிறப்பும் மார்ச் மாதச் சம இரவு நாளும் இதே அளவு விலகி நிற்பதையும் அவர் தானாகவே பொருத்திப் பார்ப்பார். இக்கணக்கிற்கு வகுத்தலும் பெருக்கலும் போதும். வணிகவியல் மாணவர் தயங்க வேண்டியதில்லை.

கருவி இல்லை என்பது கல்லூரிகள் அடிக்கடி சொல்லும் தடை. வான்நோக்கின் பெரும்பகுதிக்குக் கருவி வேண்டியதே இல்லை. வீட்டு மாடியில் ஒரே இடத்தில் நின்று, மேற்கே சாயும் ஒரு விண்மீன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்குப் பின்னால் மறையும் நேரத்தை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். இன்று 8.10க்கு மறைந்த விண்மீன் ஒரு வாரம் கழித்து 7.42 அளவில் மறைந்துவிடும். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முன்னதாக மறைகிறது என்ற முடிவுக்கு அவரே வருவார். அந்த நான்கு நிமிடம் ஓராண்டில் ஒரு முழு நாளாகும் என்று பெருக்கிப் பார்க்கும்போது பூமி சூரியனைச் சுற்றுவதன் சான்று அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். துறைக்கு ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களைப் பார்க்கலாம். கை நடுங்காமல் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்து, கோளுக்கு இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கும் புள்ளிகளின் இடத்தை இரவு தோறும் பென்சிலால் குறித்துவந்தால், சில வாரங்களில் அயோ 1.77 நாளிலும், யுரோப்பா 3.55 நாளிலும், கனிமீட் 7.15 நாளிலும், கலிஸ்டோ 16.7 நாளிலும் சுற்றிவருவது புலப்படத் தொடங்கும். சுற்றுக் காலத்தையும் தொலைவையும் கெப்ளரின் மூன்றாம் விதியில் இட்டு வியாழனின் நிறையைக் கணக்கிடும் மாணவர், அந்த விதியைப் பிறகு மறக்கமாட்டார்.

இரவில் மாணவியரை எப்படி நிறுத்திவைப்பது, விடுதியை ஆறு மணிக்கே அடைத்துவிடுகிறோமே என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விடுதி மாடியே வான்நோக்குக்கு ஏற்ற இடம்தான். காப்பாளரின் துணையுடன் மாலை ஆறரை முதல் எட்டு வரை மாடியைத் திறந்துவைத்தால் பிறையும் வெள்ளியும் முதல் விண்மீன்களும் அங்கேயே கிடைக்கும். ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் மாணவ, மாணவியர் இதில் எல்லோரையும்விடப் பேறு பெற்றவர்கள். நகரக் கல்லூரியின் மாடியில் நின்றால் தெருவிளக்கு ஒளியில் பாதி வானம் கரைந்துவிடும். மணப்பாறைப் பக்கமோ துறையூர்ப் பக்கமோ ஒரு சிற்றூரின் களத்துமேட்டில் நின்றால் பால்வெளி மண்டலத்தின் வெண்ணிறப் பட்டை தெரிகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைவிட நல்ல ஆய்வுக்கூடம் வாய்க்கும் பாடம் இது ஒன்றே என்று நான் எண்ணுகிறேன்.

பல்கலைக்கழகங்களிடமும் தன்னாட்சிக் கல்லூரிகளிடமும் என் வேண்டுகோள் பெரிதன்று. முதலாவதாக, வானியல் பாடத்தை டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் இரட்டைப்படைப் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) மாற்ற வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரையிலான பருவத்தில் பாதி நாள் தென்மேற்குப் பருவமழையின் மேகமும், பிறகு வடகிழக்குப் பருவமழையும் வானத்தை மூடிவிடுகின்றன. தை முதல் பங்குனி வரை நமக்கு வானம் தெளிவாக இருக்கும். ஒரு மாணவர் தம் வாழ்நாளில் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பொலிவான விண்மீன்களில் பெரும்பாலானவை அந்த மாதங்களின் மாலை வானத்தில் இருக்கின்றன. தேர்வு நெருங்கும் ஏப்ரல் பின்னிரவிலும், தேர்வு முடிந்த மே மாத முன்னிரவிலும் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவையும், அதன் கிழக்கே நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் அமைப்பாகிய, 4.4 ஒளியாண்டுத் தொலைவுள்ள ஆல்ஃபா சென்டாரியும் தெரியும். பருவத்தை மாற்ற ஒரு ரூபாயும் செலவில்லை.

இரண்டாவதாக, அகமதிப்பீட்டுக்கு ஒதுக்கப்படும் 25 மதிப்பெண்ணில் குறைந்தது 15ஐ வான்நோக்குக் குறிப்பேட்டுக்குத் தர வேண்டும். இப்போது அந்த மதிப்பெண் வருகைப்பதிவுக்கும், ஒப்படைப்பு என்ற பெயரில் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பக்கங்களுக்கும் போகிறது. நாள், நேரம், இடம், மேகநிலை, கண்டது, வரைந்தது ஆகியவை மாணவரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கும் குறிப்பேட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவர் பார்த்து எழுதினால் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு மாடிகளிலிருந்து பார்த்த நிலவு ஒரே தொட்டிக்குப் பின்னால் மறைய முடியாது. தமிழ் வழியில் படிப்போர் அதைத் தமிழிலேயே எழுதலாம். வருணனைக்கும் அளவீட்டுக்கும் நம் மொழி தாராளமாக இடம் கொடுக்கிறது.

மூன்றாவதாக, இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்குக் கொடைக்கானலிலோ காவலூரிலோ சில நாள் பயிற்சி தேவை. நம்மில் பலர் வானியலை முறையாகப் படிக்காமல், கால அட்டவணையில் விழுந்ததால் நடத்துகிறவர்கள். ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் 1959 முதல் வானியலுக்கெனத் தனித் துறை உண்டு. இத்தனை ஆய்வகங்களைத் தன்னகத்தே வைத்திருக்கும் தமிழகம் அப்படியொன்றை இன்றே தொடங்காவிட்டாலும், அறிமுகப் பாடம் நடத்துவோருக்காவது பயிற்சி தரலாம்.

2031 மே 21 அன்று சூரியன் வளையமாகத் தெரியும் கங்கணச் சூரிய கிரகணம் ஒன்று தென்தமிழகத்தின் மேல் கடந்துசெல்லவிருக்கிறது. இன்று முதலாண்டு படிக்கும் மாணவர்களில் பலர் அப்போது பள்ளிகளில் ஆசிரியர்களாக இருப்பார்கள். அன்று அவர்களுடைய மாணவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பார்களா, அல்லது வெள்ளைத் தாளில் சூரியனின் பிம்பத்தை விழச் செய்து பாதுகாப்பாகப் பார்த்து வரைவார்களா என்பது இன்றைய கல்லூரிப் பாடத்தைப் பொறுத்தது. அடுத்த கல்வியாண்டின் பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் மேற்சொன்ன மூன்றையும், குறிப்பாகப் பருவ மாற்றத்தையும் குறிப்பேட்டு மதிப்பெண்ணையும், உறுப்பினர்கள் பொருளாக எடுத்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.